ஒரே ஸ்கூல், ரெண்டு வாசல்! பசங்க எடுத்த முடிவைப் பாருங்க

கட்டடம் ஒண்ணுதான். ஆனா உள்ள ரெண்டு ஸ்கூல் நடக்குது. ஒரு கூட்டம் பசங்க ஒரு வாசல்ல வர்றாங்க, இன்னொரு கூட்டம் வேற வாசல்ல. ரெண்டு ஹெட்மாஸ்டர், ரெண்டு வரலாற்றுப் புத்தகம். ட்ராவ்னிக்னு ஒரு ஊர்ல ஸ்கூலுக்கு நடுவுல வேலியே போட்டிருக்காங்க. இது ஐரோப்பாவுல இருக்கிற போஸ்னியா.

சுருக்கமா பின்னணி. 1992லேர்ந்து 1995 வரைக்கும் அங்க போர், சுமார் 1 லட்சம் பேர் செத்தாங்க. அகதியா போனவங்க ஊர் திரும்பினதும், "முதல்ல ஒரே கூரைக்குக் கீழ வரட்டும், அப்புறம் வகுப்பைச் சேர்த்துக்கலாம்"னு தற்காலிகமா ஒரு ஏற்பாடு பண்ணாங்க. அந்த "அப்புறம்" வரவே இல்ல. 2018லகூட 28 இடங்கள்ல 56 ஸ்கூல் இப்படித்தான் இருந்துச்சு.

பிரிச்சு வெச்சது யாரைன்னா, போஸ்னியாக் முஸ்லிம் பசங்களையும் குரோஷியக் கத்தோலிக்கப் பசங்களையும். சொல்ற காரணம், மொழி வேறயாம். இங்க கொஞ்சம் நிதானமா கேளுங்க. ரொட்டியை குரோஷியப் பையன் "க்ரூஹ்"ம்பான், போஸ்னியாக் பையன் "ஹ்லியெப்"ம்பான். காபி குரோஷியப் பையனுக்கு "காவா", போஸ்னியாக் பையனுக்கு "கஹ்வா". ரெண்டு பேரும் உக்காந்து பேசினா முழுசா புரியும். யாழ்ப்பாணத்துல பாண், சென்னையில பிரெட். இதுக்காக நம்ம பிள்ளைங்களை ஒரே பெஞ்சுல உக்கார விடாம பண்ணா நாம சும்மா இருப்போமா? எனக்கு வயிறு எரியுதுங்க.

நிஜமான பிளவு வரலாற்றுப் பாடத்துல இருக்கு. அதே போர், ஒரு புத்தகத்துல இவங்க பாதிக்கப்பட்டவங்க, இன்னொண்ணுல அவங்க. 2007ல ட்ராவ்னிக் இருக்கிற மத்திய போஸ்னியா மாகாணத்தோட கல்வி அமைச்சரே சொன்னாங்க, ஆப்பிளையும் பேரிக்காயையும் ஒண்ணா கலக்க முடியாதுன்னு. குழந்தைங்களைப் பத்தி! 2014ல உச்ச நீதிமன்றம் இது பாகுபாடுன்னு தீர்ப்பு சொல்லியும் வாசல் ரெண்டாவேதான் இருந்துச்சு.

இப்போ யாய்ட்சேவுக்கு வாங்க. ஊருக்கு நடுவுலயே அருவி கொட்டுற சின்ன ஊர். அங்க மேல்நிலைப் பள்ளியில ரெண்டு தரப்பும் சேர்ந்துதான் படிச்சாங்க, ஆனா குரோஷியப் பாடத்திட்டத்துல. அதனால போஸ்னியாக் பசங்களுக்குத் தனி ஸ்கூல்னு 2016ல திட்டம் போட்டாங்க. அந்தக் கோரிக்கையில நியாயமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன், தன் மொழியில படிக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனா யாருக்காக ஸ்கூல் கட்டுறதா சொன்னாங்களோ, அந்தப் பசங்களே "எங்களைப் பிரிக்காதீங்க"ன்னு குரோஷிய நண்பர்களோட சேர்ந்து தெருவுல இறங்கிட்டாங்க. 2017 ஜூன்ல ட்ராவ்னிக் வரைக்கும் போய், மாகாண அரசு முன்னாடி நின்னாங்க. இவங்கள்ல பெரும்பாலானவங்க போர் முடிஞ்சப்புறம் பொறந்தவங்க!

அரசு பின்வாங்குச்சு. 2018ல அந்த மாணவர்களுக்கு, சிறுபான்மையினர் நலனுக்காக உழைக்கிறவங்களுக்குக் கொடுக்கிற மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் விருது கிடைச்சுது, 50,000 யூரோ.

உங்க ஸ்கூல் பெஞ்சுல உங்களுக்குப் பக்கத்துல, உங்க வீட்டுல கேட்காத ஒரு சாமி பேரையோ, ஒரு சொல்லையோ சொன்ன ஃபிரெண்ட் யாராவது உண்டா? அவங்களைப் பத்தி கமெண்ட்ல எழுதுங்க. நான் எல்லாத்தையும் படிப்பேன்.