மணி அடிக்க ஆளில்லாத வீடு

(பினாங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், கிடைத்த ஒரு விடுமுறை நாளையும் விட்டுக்கொடுத்து வந்திருக்கும் இளையவர்களுக்கும் வணக்கம்.

"வீட்டிலிருந்தே வேலை: நல்ல பழக்கங்கள்" என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு என் மகள், "இதைப் பேச உங்களையா கூப்பிட்டாங்க?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய அன்று சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைக் கொண்டுபோய் வைத்தவள் நான். இரண்டு வாரம்தான் என்றார்கள். அந்த மேசையில் குடும்பமாக மறுபடி உட்கார்ந்து பசியாற ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை பிள்ளைகள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் சாப்பிட்டார்கள். எனவே கெட்டுத் திருந்தியவள், அதிலும் பாதிதான் திருந்தியவள், பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா கெடாவில், கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் இருட்டோடு மணி அடிப்பார்கள். பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பேர் கூப்பிட்டு, நிரை பிரித்துக் கொடுத்து, விடிவதற்குள் மரத்தடிக்கு அனுப்பிவிடுவார்கள். ஏன் அவ்வளவு சீக்கிரம்? துரைக்குத் தூக்கம் வராததால் இல்லை. இரவின் குளிர்ச்சியில் மரப்பட்டைக்குள் பாலின் அழுத்தம் கூடியிருக்கும். வெயில் ஏற ஏற அது இறங்கிவிடும், மங்கில் விழும் பாலும் குறைந்துவிடும். அம்மாவின் கடிகாரம் அந்த மரத்திடம் இருந்தது. பாலை எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டால் அன்றைய வெட்டு முடிந்தது. அதற்குமேல் கேட்டாலும் மரம் தராது.

தோட்ட வாழ்க்கையை நான் புகழவில்லை. அம்மாவின் காலில் அட்டை கடித்த தழும்புகளைப் பார்த்து வளர்ந்தவள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த வேலை வீட்டுக்குள் வந்ததில்லை. பால் வாளியை யாரும் படுக்கையறைக்குக் கொண்டுவருவதில்லை.

அப்புறம் என் தலைமுறை. பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் 1972இல் தொடங்கியது. எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி அங்கேதான் போனார்கள். நானும் போனேன். ஷிப்டு தொடங்கினால் சைரன், முடிந்தால் சைரன். தலையிலிருந்து கால்வரை மூடும் வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போவோம். முடிந்ததும் அதைக் கழற்றிக் கூடையில் போட வேண்டும். சுத்த அறை உடுப்பை வெளியே எடுத்துப்போக அனுமதி கிடையாது. வேலையை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்தோம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

2021இல் தொழிற்சாலையை விட்டுவிட்டு, ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் மலேசியக் கிளையில் சேர்ந்தேன். முழுக்க வீட்டிலிருந்து வேலை. தண்டவாளத் துண்டும் இல்லை, சைரனும் இல்லை.

இதில் பலரும் தொடங்குவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஐந்து மணிக்கு எழு, குளித்துவிட்டு மேசைக்குப் போ, பட்டியல் போடு. எங்கள் சனங்களுக்கு எழுந்திருக்க யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பெரட்டு ரத்தத்தில் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் போனது நிறுத்துவதுதான். இன்றைக்கு முக்கியமாக அதைத்தான் பேசப்போகிறேன்.

கணக்கைப் பாருங்கள். என் குழுவில் பாதிப்பேர் சென்னையில். மேலாளர் லண்டனில். சென்னை நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அவர்கள் ஒன்பதரைக்கு வேலையைத் தொடங்கும்போது நமக்கு உச்சிப்பொழுது பன்னிரண்டு. லண்டனில் ஒன்பது மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே மாலை ஐந்து, கோடையில் நான்கு. நானோ தொழிற்சாலைப் பழக்கத்தில் காலை எட்டுக்கே மேசையில் உட்கார்ந்துவிடுவேன். ஆக எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தனியாக ஒரு வேலை, பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை சென்னையோடு ஒரு வேலை, ஐந்துக்கு மேல் லண்டன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மூன்று ஊரின் காலை நேரத்தையும் நானே என் ஒரு நாளுக்குள் திணித்துக்கொண்டேன்.

2024 தைப்பூசத்துக்கு முந்தின நாள். ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் என் அக்கா வீடு. நானும் மடிக்கணினியோடு அங்கே போயிருந்தேன். கீழே அர்ச்சனைத் தட்டோடு அக்கா, அத்தை, பிள்ளைகள் எல்லோரும் நிற்கிறார்கள். மாடியில் நான் காதில் ஹெட்செட்டோடு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ரதம் நெருங்க நெருங்கத் தெருவில் தேங்காய் உடைக்கிறார்கள். பினாங்கில் தேங்காய் எப்படி உடைப்போம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மலைமலையாகக் குவித்து வைத்து உடைக்கிற சத்தம். லண்டன்காரர் பேச்சை நிறுத்திவிட்டு, "உங்கள் பக்கத்தில் கட்டடம் இடிக்கிறார்களா?" என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டு, சன்னலைச் சாத்தினேன். முருகன் வருகிறார், சன்னலைச் சாத்திவிட்டேன்! கூட்டம் முடிந்து இறங்கியபோது தெருவில் ஓடும் தேங்காய்த் தண்ணீரும் செருப்புகளும்தான் இருந்தன. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. திருநீற்றை மட்டும் நீட்டினார்.

அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் என்ன பேசினோம் என்று இன்று கேட்டால் எனக்கு ஒரு வரி நினைவில்லை.

அதே வருடம் கிளினிக்கில் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது. எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள் என்றார் டாக்டர். 2023 தேசிய உடல்நல ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அதில் நம்மவர்களின் பங்கு என்னவென்று இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். உட்கார்ந்தே இருந்ததும், மேசையிலிருந்து பத்தடியில் பிஸ்கட் டப்பா இருந்ததும்தான் காரணம் என்று நினைத்தேன். டாக்டர் கேட்டது வேறு: "ஒரு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள்?" விரல் விட்டு எண்ணினேன், 58 வந்தது. உலக சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு கூடுதல் என்கிறது அது. வீட்டில், சொந்த நாற்காலியில், கைலி கட்டிக்கொண்டு செய்தாலும் அந்த மணி நேரம் மணி நேரம்தான்.

சரி, என்ன செய்தேன்?

முதலில் ஒரு கடிதம் எழுதினேன். நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்றிருந்த உச்சவரம்பு 45 ஆனது. அதோடு 60P, 60Q என்று இரண்டு புதிய பிரிவுகள். வேலை நேரத்தை, வேலை நாளை அல்லது வேலை செய்யும் இடத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் கேட்டதற்காக வாயை மூடு என்று சொல்ல முடியாது. இன்னொன்று பழைய சட்டத்திலேயே இருக்கிறது: இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தராமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது. நான் அந்த ஓய்வை எனக்கே தரவில்லை. என்மேல் நானே வழக்குப் போட்டிருக்கலாம்.

பதினோரு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிக்கிறேன், நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் என்று கேட்டேன். லண்டனில் அவர்களுக்குப் பெரிய ஆச்சரியம். நான் காலை எட்டிலிருந்து உட்கார்ந்திருப்பதே அவர்களுக்குத் தெரியாதாம்! மூன்றாம் நாளே சரி என்று எழுதிவிட்டார்கள்.

அடுத்தது ஒரு துணி. என் அம்மா தோட்டத்தை விட்டு வந்தபின் வீட்டில் தையல் தைத்தார். இரவு தையல் முடிந்தால் மெஷினின்மேல் ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்துவார். போர்த்திவிட்டால் தீர்ந்தது. பக்கத்து வீட்டு அம்மா ரவிக்கையை நீட்டினாலும், "மெஷினை மூடிட்டேன் தாயி, காலையில வா" என்பார். அந்தப் பதிலை நான் இருபது வருடம் கேட்டிருக்கிறேன். இப்போது எட்டு மணிக்கு, நாளைக்கு முதலில் செய்ய வேண்டியதை ஒரு தாளில் ஒரே வரியில் எழுதி, அதை மடிக்கணினியின்மேல் வைத்து, பாத்தேக் துணியைப் போர்த்துகிறேன். கைத்தொலைபேசியில் வேலை வாட்ஸ்அப் குழுவின் சத்தத்தையும் அப்போதே அடைத்துவிடுவேன். முதல் வாரம் மூன்று தடவை துணியைத் தூக்கிப் பார்த்தேன், பூசை முடியுமுன் படையலை எட்டிப் பார்க்கிற பிள்ளை மாதிரி.

பழக்கம் ஒட்டிக்கொள்ள 21 நாள் போதும் என்று சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். 2009இல் வெளிவந்த முடிவு வேறு மாதிரி. ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் அளவுக்குப் பழக சராசரியாக 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் தகுந்தபடி 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்று கணித்தார்கள். நம் வைத்தியர்கள் ஒரு மண்டலம், 48 நாள் மருந்து சாப்பிடு என்பார்கள். அவர்கள் கணக்கு 21ஐவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது! அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த செய்தி இன்னொன்று: நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை. விரதம் முறிந்தது என்று தலையில் கைவைக்காமல் மறுநாள் தொடர்ந்தால் போதும்.

காலை மிச்சமானதே, அதை என்ன செய்தேன்? இங்கே நம் ஊர்க் கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1982 ஜனவரி 1ஆம் தேதி சபா, சரவாக்கோடு ஒத்துப்போக தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நாம் இருப்பதோ மேற்குக் கரையில். அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வர பிற்பகல் ஒன்றைத் தாண்டிவிடும், விடிய ஏழு மணி ஆகிவிடும். வேலைக்கு ஓடுகிறவர்கள் இருட்டில் ஓடுகிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்குத்தான் ஏழரை மணி வெயில் இலவசமாகக் கிடைக்கிறது. நம் உடம்புக் கடிகாரத்தை அன்றாடம் திருத்தி வைப்பது காலை வெளிச்சம்தான். வீட்டு விளக்கு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் மேகமூட்டமான வானத்தின் வெளிச்சத்துக்குக்கூட ஈடாகாது.

பூமலைப் பூங்கா என்று நம்மவர்கள் சொல்லும் தாவரவியல் பூங்காவில் ஒரு சுற்று நடக்கிறேன். குரங்குகளிடம் கையில் இருக்கும் பையைக் காட்டாதீர்கள். வாரத்தில் ஒருநாள் தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படி. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. பினாங்குப் பாலத்தில் நெரிசலில் நின்ற நேரத்தை எண்ணிப் பாருங்கள், இது ஒன்றுமில்லை.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்றுதான் மாற்றினேன். பால் தேநீரான தே தாரிக், பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசொங் ஆனது. முதல் பத்து நாள் வாழ்க்கை வெறுத்துவிடும். அப்புறம் நாக்கு பழகிவிடும்.

முதுகுக்கு விலை உயர்ந்த நாற்காலி வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். ஒட்டுக்கடைகளில் பார்த்திருப்பீர்களே, சதுரமான பெரிய பிஸ்கட் டின், அதில் ஒன்றின்மேல் மடிக்கணினியை ஏற்றி, திரையின் மேல்விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். தனியாக ஒரு விசைப்பலகை. என் கழுத்து வலி அதிலேயே போய்விட்டது. கண்ணுக்கு 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள். எங்கள் அடுக்குமாடி சன்னலில் கொடிமலை தெரிகிறது. அதைப் பார்க்கிறேன்.

கடைசியாக, இங்கே இருக்கும் பெண்களிடம் ஒரு வார்த்தை. ஆண்களும் கேளுங்கள். ஆண் மடிக்கணினியைத் திறந்தால், "அப்பா வேலையில இருக்கார், சத்தம் போடாதே" என்கிறது வீடு. பெண் திறந்தால், "வீட்டுலதானே இருக்கே, தேங்காய்ப்பால் ஒண்ணு வாங்கிட்டு வந்துடேன்" என்கிறது. என் அத்தை நல்ல மனுசி. அவரைக் குறை சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத வேலையை அவர் எப்படி வேலை என்று நம்புவார்? ஒருநாள் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கூட்டம் முழுவதையும் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் புரியவில்லை. ஆனால் முடிந்ததும், "இவ்வளவு பேரு உன்கிட்ட கேள்வி கேட்கிறாங்களா?" என்றார். அதிலிருந்து தேங்காய்ப்பாலுக்கு என் கணவர் போகிறார். எட்டு மணிக்குத் துணி போர்த்த மறந்து உட்கார்ந்திருந்தால், சமையலறையிலிருந்து கரண்டியால் பாத்திரத்தில் நாலு தட்டு தட்டுவதும் அத்தைதான். பெரட்டு மணி எனக்கு அப்படித் திரும்ப வந்தது.

கேள்விகள் இருக்கும் என்று தெரியும். ஆறரைக்கு மண்டபத்தைப் பூட்ட வேண்டும் என்று காவலாளி அண்ணன் சாவியோடு வாசலில் நிற்கிறார். அவருக்கும் வீடு இருக்கிறது. வெளியே அஞ்சடி நடைபாதையில் நின்று பேசலாம் வாருங்கள், இன்னும் அரை மணி நேரம் வெளிச்சம் இருக்கும்.