கீழே பார்த்துத் தேடும் நிம்மதி

(புதுச்சேரியில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். பாரதி பத்தாண்டுகள் வாழ்ந்த ஊரில், பாரதிதாசன் பிறந்த ஊரில் நின்றுகொண்டு தன்னைத் தான் ஏற்றுக்கொள்வது பற்றிச் சினிமாப் பாட்டு என்ன சொல்கிறது என்று பேசப்போகிறேன். பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

புத்தி சொல்வதில் நம் சினிமாவுக்கு அலுப்பே கிடையாது. கதாநாயகன் ஒரு குழந்தையைத் தோளில் தூக்கினால் போதும், நான்கு அறவுரை வந்து விழும். அவற்றில் நல்லவையும் உண்டு. பட்டுக்கோட்டையார் 'நாடோடி மன்னன்' (1958) படத்துக்கு எழுதிய 'தூங்காதே தம்பி தூங்காதே' எனக்கு இன்றும் சலிக்கவில்லை. ஆனால் தூங்குகிறவனை எழுப்புவது எளிது. தன்னையே வெறுத்துக்கொண்டு விழித்துக் கிடப்பவனிடம் என்ன சொல்வது?

'சுமைதாங்கி' (1962) படத்தில் கண்ணதாசன் எழுதி, பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடிய 'மயக்கமா கலக்கமா' அப்படிப்பட்டவனிடம்தான் பேசுகிறது. பாட்டெழுத வாய்ப்பில்லாமல் சென்னையை விட்டே போய்விட இருந்த கவிஞர் வாலியைத் தடுத்து நிறுத்தியது இந்தப் பாட்டுத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதைக் குறை சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனாலும் ஓரிடம் உறுத்துகிறது. உனக்கும் கீழே கோடிப் பேர் இருக்கிறார்கள், அவர்களை நினைத்து நிம்மதி தேடிக்கொள் என்கிறது பாட்டு. சரி, அந்தக் கோடியில் கடைசி ஆளாக நிற்பவன் இதை வானொலியில் கேட்டால் யாரை நினைப்பான்? அவன் படும் பாடு எனக்கு மருந்தா?

நம்மூர்க் கவிஞர் பாரதிதாசனின் 'துன்பம் நேர்கையில்' 1951-இல் 'ஓர் இரவு' படத்தில் வந்தது. அதில் துன்பப்படும் உயிர் யாரோடும் தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. யாழெடுத்து எனக்கு இன்பம் சேர்க்க மாட்டாயா என்று வாய்விட்டுக் கேட்கிறது. துயரத்தை ஒளிக்கவில்லை, அதற்காக வெட்கப்படவுமில்லை. தன்னைத் தான் ஏற்றுக்கொள்வது என்பதற்கு இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் அதில் ஒரு புத்திமதிகூடக் கிடையாது.

அடுத்து, தன் நிறத்தை ஏற்றுக்கொள்வதற்கு வருவோம். 'வெற்றிக் கொடி கட்டு' (2000) படத்தில் அனுராதா ஸ்ரீராம் பாடிய 'கருப்புதான் எனக்குப் பிடிச்ச கலரு' பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. கறுப்பான பையன்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். நல்லதுதான். ஆனால் அது ஒரு பெண் ஆணின் நிறத்தைப் புகழ்ந்து பாடுவது. பெண் என்று வந்துவிட்டால் நிலவு, பால், சந்தனம் என்று வெளுப்பாகவே தேடுகிறார்கள் பாடலாசிரியர்கள்.

பாட்டெழுதும் பிள்ளைகள் சிலர் பின்வரிசையில் இருப்பதாகச் சொன்னார்கள். கறுப்பான பெண் ஒருத்தி, எவனும் வந்து புகழக் காத்திராமல், தன்னைப் பற்றித் தானே பாடுகிற பாட்டு ஒன்றை எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் என் பேச்சில் பாதியைக் குறைத்து அந்த நேரத்தை உங்களுக்குத் தருகிறேன். தலைவர் இப்போதே தலையாட்டுகிறார், பாருங்கள்.