டிசம்பர் லீவுக்கு முன்னாடி டயரியை எப்படி எண்ணணும்: டர்பன் வக்கீல் வீடுகளுக்கு

வணக்கம், எல்லாரும் வாங்க. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டர்பன் சுத்துவட்டாரத்துல வக்கீல் இருக்கிற வீடுகளுக்காக இன்னைக்குப் பேசப்போறேன். வேலையையும் வீட்டையும் சேர்த்து ஓட்டுறதுக்கு ஒரே ஒரு விஷயம் கத்துக்கிட்டா போதும்னு நான் நம்புறேன்: நாள் எண்றது. வீட்டுக்கு வாக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, அந்த நாள் கோர்ட் கணக்குல எங்க விழுதுன்னு பாருங்க.

ஹை கோர்ட் விதிப்படி கோர்ட் நாள்னா சனி, ஞாயிறு, அரசு விடுமுறை மூணையும் கழிச்ச நாள். தீபாவளி, தைப்பூசம், ஏப்ரல் 14 புத்தாண்டு இதெல்லாம் தென்னாப்பிரிக்காவுல அரசு விடுமுறை கிடையாது. அன்னைக்கும் நாள் ஓடும், அன்னைக்கே விசாரணையும் வைக்கலாம். அதனால வருஷ ஆரம்பத்துலயே கோயில் காலண்டரைப் பார்த்து அந்தத் தேதிகளை ஆபீஸ் டயரியில "வர முடியாது"ன்னு குறிச்சிடுங்க. விசாரணைத் தேதி வாங்கும்போதே சொன்னா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, தேதி விழுந்தப்புறம் மாத்துறதுதான் பாடு. பெரிய வெள்ளியும் அடுத்த திங்களும் விடுமுறைங்கிறதால, அந்த நாள்கள்ல நடக்கிற மவுண்ட் எட்ஜ்கூம்ப் மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

இப்ப டிசம்பருக்கு வர்றேன். நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான். டிசம்பர் 16-லிருந்து ஜனவரி 15 வரைக்கும், ரெண்டு நாளும் சேர்த்து, பிளீடிங், அதாவது ரெண்டு தரப்பும் தங்க வாதத்தை எழுதிக் கொடுக்கிற பத்திரம், தாக்கல் பண்ற கெடுவுல எண்ண மாட்டாங்க. வழக்கை எதிர்க்கிறோம்னு கொடுக்கிற நோட்டீஸுக்கு விடுபடுற நாள் கொஞ்சம்தான்: டிசம்பர் 21 முதல் ஜனவரி 7 வரை. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு ஊருக்குக் கிளம்பினவங்க வீடு திரும்பும்போது, எதிர்த்தரப்பு டிஃபால்ட் தீர்ப்பு, அதாவது கெடுவுக்குள்ள எதிர்க்காததால கொடுக்கிற தீர்ப்பு, கேட்டு மனு போட்டிருக்கும்.

ஒரு உதாரணம் எண்ணிப் பார்ப்போம். 2026 டிசம்பர் 2, புதன்கிழமை அந்த நோட்டீஸைக் கொடுத்தாச்சு. பிளீ, அதாவது பதிலுரை, அதுலேர்ந்து 20 கோர்ட் நாள். கொடுத்த நாளை விட்டுட்டு எண்ணுங்க. டிசம்பர் 15 வரைக்கும் 9 நாள் போயிடும். அப்புறம் கணக்கு நிக்கும். ஜனவரி 16 சனிக்கிழமை, ஆக 18 திங்கள்தான் பத்தாவது நாள். இருபதாவது நாள் பிப்ரவரி 1. கேக்க நிம்மதியா இருக்கு, இல்லையா? ஆனா தைப்பூசக் காவடியும் ஜனவரி கடைசி, பிப்ரவரி ஆரம்பத்துலதான் வரும். விரதம், கோயில், பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, நின்னுபோன எல்லா ஃபைலும் ஒரே நேரத்துல ஓட ஆரம்பிக்கிறது, எல்லாம் ஒண்ணாச் சேரும். அதனால அந்தப் பதிலுரையோட முதல் வரைவை டிசம்பர் 15-க்குள்ள எழுதி வைங்க. கிடைச்ச ஒரு மாசத்தை வேலைக்குன்னு வெச்சிக்காதீங்க, வீட்டுக்குக் கொடுங்க.

நிக்காம ஓடுறது என்னென்னன்னு தெரிஞ்சிக்கணும். முதல்ல பிரிஸ்கிரிப்ஷன், கடன் காலாவதி ஆகுறது. 1969-ஆம் வருஷச் சட்டப்படி சாதாரணக் கடனுக்கு 3 வருஷம். அது கோர்ட் நாள் கணக்கு இல்லை, காலண்டர் கணக்கு. கிறிஸ்துமஸ்ஸுக்காக நிக்காது. சம்மன்ஸ் கோர்ட்ல முத்திரை வாங்கினதும் வேலை முடிஞ்சதுன்னு நெனைக்கிறாங்களே, அதுதான் ஆபத்து. ஷெரிஃப், அதாவது கோர்ட் பத்திரங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற அதிகாரி, அதைப் பிரதிவாதிக்கு முறைப்படி சேர்ப்பிச்சாத்தான் காலாவதி தடைபடும். டிசம்பர் மூணாவது வாரத்துல பிரதிவாதி ஊர்ல இருக்க மாட்டார், கம்பெனி பூட்டியிருக்கும். ஆகவே டிசம்பர், ஜனவரியில காலாவதி ஆகுற ஃபைல் எல்லாத்தையும் அக்டோபர்லயே ஒரு பட்டியல் போட்டு, நவம்பர் நடுவுக்குள்ள ஷெரிஃப்கிட்ட கொடுத்துடுங்க. அப்பீலுக்கு அனுமதி கேக்கிற 15 நாளும் லீவுக்காக நிக்காது. அவசர மனுவும் எந்த வாரமும் வரும். சொந்தமா ஆபீஸ் நடத்துற அட்டர்னி வருஷா வருஷம் வாங்கவேண்டிய ஃபிடிலிட்டி ஃபண்ட் சர்டிபிகேட் டிசம்பர் 31-ஓட முடிஞ்சிடும், அதைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீங்க.

வீட்டுல திடீர்னு ஒண்ணு நடந்துட்டா? கெடு முடியறதுக்கு முன்னாடியே எதிர்த்தரப்பு அட்டர்னிக்கு, அதாவது அவங்க வழக்கை நடத்துற வக்கீலுக்கு, எழுதி அவகாசம் கேளுங்க. போன்ல "சரி"ன்னு சொன்னது போதாது. பதிலுரை தாமதமானா 5 நாள் கொடுத்து நோட்டீஸ் ஆஃப் பார், அதாவது இதுக்குள்ள கொடுக்கலைன்னா கதவு மூடிடும்ங்கிற எச்சரிக்கை, வரும், மூச்சு விடலாம். அதுக்கப்புறம் வர்ற ரெப்ளிகேஷனுக்கு, அதாவது பதிலுரைக்கு வாதி கொடுக்கிற மறுபதிலுக்கு, அந்த நோட்டீஸ் கிடையாது, கெடு தாண்டினா தானாவே கதவு மூடிடும்.

சம்பளத்துக்கு இருக்கிற அட்டர்னிகளுக்கு ஒண்ணு. 1997 வேலைச் சட்டத்துல குடும்பப் பொறுப்பு லீவு வருஷத்துக்கு 3 நாள். நாலு மாசத்துக்கு மேல வேலையில இருக்கணும், வாரத்துல குறைஞ்சது 4 நாள் வேலை செய்யணும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னா எடுக்கலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னா அந்தச் சட்டத்துல இடமில்லை. பெத்தவங்க, தாத்தா பாட்டி, கணவன் மனைவி, பிள்ளை, பேரப்பிள்ளை, கூடப் பிறந்தவங்க இறந்தா உண்டு, மாமியார் மாமனாருக்குக் கிடையாது. மாமியாரோட கருமாதி பதினாறாம் நாள் வரைக்கும் மருமக வீட்டுல நிக்கணும்னு நம்ம வழக்கம் சொல்லுது, சட்டம் ஒரு நாளும் தரல. இது எனக்கு மனசு பொறுக்காத விஷயம். வேலைக்குச் சேரும்போதே ஒப்பந்தத்துல மாமனார் மாமியாரையும், பெத்தவங்க நோயையும் எழுதி வாங்கிடுங்க. சம்பளம் இல்லாம சொந்தமா தொழில் பண்ற அட்வகேட்டுகளுக்கு லீவுன்னு ஒண்ணே இல்லை, அவங்களுக்கு டயரிதான் லீவு.

கடைசியா, ஒவ்வொரு ஃபைலோட மேல் அட்டையிலயும் அரைப் பக்கம் குறிப்பு ஒட்டி வைங்க: அடுத்த கெடு எந்தத் தேதி, அன்னைக்கு என்ன தாக்கல் ஆகணும், வரைவு எங்க இருக்கு, எதிர்த்தரப்பு அட்டர்னி யாரு, பத்திரம் சேர்ந்துச்சான்னு சொல்ற ஷெரிஃப் ரிட்டர்ன் வந்துச்சா. பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோர்ட் ஃபைல்னா அங்க நமக்காகத் தாக்கல் பண்ற உள்ளூர் அட்டர்னி, அதாவது கரஸ்பாண்டென்ட், பேரும் வேணும், என்3 சாலையில 80 கிலோமீட்டர் ஓடிப்போய்த் தாக்கல் பண்ண யாரும் இருக்க மாட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க ஆஸ்பத்திரியில இருந்தாலும், கூட வேலை செய்றவங்க காலையில அந்த அட்டையை மட்டும் பார்த்து வேலையைத் தொடங்க முடியணும்.