காசில்ரிக் கல்வட்டம்: மலை காட்டும் கோடும் மனிதர் நடந்த வழியும்

அன்பர்களே, வட இங்கிலாந்தின் கம்பிரியாவில், கெஸ்விக் ஊருக்குக் கிழக்கே ஒரு மேட்டுப் புல்வெளியில் நிற்கிறது காசில்ரிக் கல்வட்டம். வயது ஏறத்தாழ 5000 ஆண்டு. விட்டம் சுமார் 30 மீட்டர், கற்கள் 40 அளவில். நடுவில் நின்றால் வடக்கே ஸ்கிடா, பிளென்காத்ரா மலைகளும், தென்கிழக்கே ஹெல்வெலின் தொடரும் எழுந்து நிற்கும். 'இந்தக் கல் அந்தச் சிகரத்தைத்தான், அங்கே சூரியன் உதிக்கும் இடத்தைத்தான் காட்டுகிறது' என்று சொல்ல யாருக்கும் ஆசை வரும்.

அந்த ஆசையை முதலில் சோதிக்க வேண்டும். 40 கற்களை இரண்டிரண்டாக இணைத்தால் 780 கோடுகள். இரு முனையிலிருந்தும் பார்த்தால் 1560 திசைகள். அடிவானத்தின் ஒவ்வொரு பாகைக்கும் நான்குக்கு மேல்! எந்த மலைதான் தப்பும்? தவிர, ஒரு மீட்டர் அகலக் கல் 30 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 2 பாகையை மறைக்கும். சூரியனின் அகலமோ அரைப் பாகைதான்.

அளக்கப் போகிறவர்கள் திசைகாட்டியைக் கல்மேல் வைக்காதீர்கள். எரிமலைப் பாறை, முள் பிசகலாம். முள் காட்டும் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள விலக்கத்தைத் திருத்துங்கள். மலையின் ஏற்றக் கோணத்தையும், அதாவது அது கண்மட்டத்துக்கு மேல் எத்தனை பாகை உயர்ந்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பலர் விடுவது இதைத்தான். அங்கே அடிவானம் 1 பாகை உயர்ந்தால், கோடையின் நீண்ட பகல் நாளில் உதயம் சுமார் 2 பாகை தெற்கே நகர்ந்துவிடும். வட்டம் எழுந்த காலத்தில் பூமியச்சின் சாய்வு 24 பாகையை ஒட்டி இருந்தது, இன்று 23.4, அதுவும் உதயத் திசையில் ஒரு பாகைக்கு மேல் வேறுபாடு தரும். கடைசியாக, வட்டத்தின் வரைபடத்தை 10 பாகை திருப்பி வைத்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் அதே அளவு பொருத்தங்கள் வந்தால், அவை தற்செயல்.

கற்கோடரிகளைச் சுமந்து மனிதர் நடந்த வழிகள் கூடும் இடத்தில் வட்டம் நிற்கிறது என்ற வாதம் இதைவிட வலுவானது என்பது என் கருத்து. கெஸ்விக்குக்குத் தெற்கே லாங்டேல் மலைச்சரிவில் புதிய கற்காலத்தவர் பசுமை படர்ந்த எரிமலைக் கல்லைச் செதுக்கிக் கோடரி செய்தார்கள். அவை யார்க்‌ஷயர், லிங்கன்ஷயர் போன்ற கிழக்கு மாவட்டங்கள் வரை போயிருக்கின்றன. தெற்கிலிருந்து வரும் பாரோடேல் பள்ளத்தாக்கும், கிழக்கே பென்ரித் பக்கம் போகும் பள்ளத்தாக்கும் கெஸ்விக் அருகே கூடுகின்றன. வட்டத்துக்குள் கற்கோடரி கிடைத்ததாக 19ஆம் நூற்றாண்டுப் பதிவும் உண்டு.

ஆனாலும் வரைபடத்தில் அளவுகோல் வைத்து நேர்கோடு இழுக்காதீர்கள். சுமையோடு நடப்பவர் சதுப்பைச் சுற்றிப் போவார், கணவாயைத் தேடுவார், ஆழமில்லாத துறையில் ஆற்றைக் கடப்பார். இன்னொன்று: கோடரித் தொழில் வட்டத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. ஆகவே வழி முந்தியது, வட்டம் பிந்தியது என்று கொள்வதே பொருந்தும். சிகரம் அன்று கண்ணுக்குத் தெரிந்ததா என்பதையும் கேட்க வேண்டும். அருகிலுள்ள சதுப்பு மண்ணின் மகரந்தத் துகள்களை எடுத்துப் பாருங்கள், அன்று அங்கே மரங்கள் அடர்ந்திருந்தனவா என்பதை அவை சொல்லும். மேட்டைச் சுற்றி அடர்ந்த காடு நின்றிருந்தால், பார்வைக்கோடு பற்றிய பேச்சே எழாது.