‘டிரஸ்ட்’ தொடரை விமர்சகர்கள் எடைபோட்ட விதம்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் எஃப்எக்ஸ் தொலைக்காட்சியில் 2018 மார்ச் 25 அன்று தொடங்கிய ‘டிரஸ்ட்’ தொடரைப் பற்றியும், அதற்குக் கிடைத்த விமர்சனங்களைப் பற்றியும் இன்று பேசுகிறேன். மொத்தம் பத்து எபிசோடுகள். உருவாக்கியவர் சைமன் பியூஃபாய். முதல் மூன்று எபிசோடுகளை இயக்கியவர் டேனி பாயில். ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தைத் தந்த அதே இருவர்தான்.

அடிப்படை உண்மைச் சம்பவம். 1973 ஜூலை 10 அதிகாலை, ரோம் நகரின் பியாட்சா ஃபர்னேசே சதுக்கத்தில் 16 வயதுப் பையன் மூன்றாம் ஜான் பால் கெட்டி கடத்தப்பட்டான். கேட்ட தொகை 1 கோடியே 70 லட்சம் டாலர். எண்ணெய்க் கோடீஸ்வரரான தாத்தா கொடுக்க மறுத்தார். ஒருவனுக்குக் கொடுத்தால் மற்றப் பேரப்பிள்ளைகளையும் கடத்துவார்கள் என்று காரணம் சொன்னார். நவம்பரில் பையனின் அறுத்த காது ஒரு நாளிதழ் அலுவலகத்துக்கு வந்தது. அஞ்சல் வேலைநிறுத்தத்தால் அதுகூடத் தாமதமாகத்தான் வந்தது. பிறகு, கேட்ட தொகையைப் பெரிதும் குறைத்துப் பேரம் படிந்தது. வரிவிலக்குக்கு எவ்வளவு இடமிருந்ததோ அந்த 22 லட்சம் டாலரை மட்டும் தாத்தா கொடுத்தார். மீதியைத் தன் மகனுக்கு, அதாவது பையனின் அப்பாவுக்கு, 4 சதவீத வட்டிக்குக் கடனாகத் தந்தார். டிசம்பர் 15-இல் பையன் விடுதலையானான்.

தொடர் வந்த நேரம் சரியில்லை. இதே கடத்தலை வைத்து ரிட்லி ஸ்காட் எடுத்த ‘ஆல் தி மணி இன் தி வேர்ல்ட்’ படம் மூன்று மாதம் முன்பு, 2017 டிசம்பர் 25 அன்றுதான் வெளியாகியிருந்தது. கெவின் ஸ்பேசி நடித்த காட்சிகளை எல்லாம் நீக்கி, கிறிஸ்டோபர் பிளம்மரை வைத்து அவசரமாக மறுபடி எடுத்தார்களே, அந்தப் படம். பிளம்மருக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. ஆகவே ‘டிரஸ்ட்’ விமர்சனங்களில் இந்த ஒப்பீடு தவறாமல் வந்து நின்றது. தாத்தா வேடத்தில் படத்தின் பிளம்மரா, தொடரின் டொனால்ட் சதர்லேண்டா? பையனின் அம்மாவாகப் படத்தின் மிஷேல் வில்லியம்ஸா, தொடரின் ஹிலரி ஸ்வாங்கா?

இந்த ஒப்பீடு தொடருக்கு நியாயம் செய்யவில்லை என்பதே என் வாதம். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான படத்துக்குக் கடத்தல்தான் கதை. பையன் மீள்வானா என்ற பதைப்பில் அது ஓடுகிறது. பத்து எபிசோடு தொடருக்கோ குடும்பம்தான் கதை. முதல் எபிசோடைப் பாருங்கள். மூத்த மகன் ஜார்ஜின் தற்கொலையில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள சட்டன் பிளேஸ் மாளிகை, அங்கே தாத்தாவோடு வாழும் காதலிகள், விருந்தினர் காசு போட்டுப் பேசவேண்டிய தொலைபேசி என்று கதை நிதானமாக நகர்கிறது. கடத்தல் எப்போது வரும் என்று காத்திருந்தவர்களுக்கு இது இழுவையாகப் பட்டது. மாளிகைக் காட்சிகளில் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெற்ற பிள்ளைகளையே வாரிசுக் கணக்கில் தேறுவானா, தேறமாட்டானா என்று பார்க்கும் மனிதரை இங்கே பார்த்தால்தான், பின்னால் அவர் பேரனுக்குப் பேரம் பேசுவது நமக்கு விளங்கும்.

இன்னொரு கோளாறு விமர்சனத் தொழிலின் நடைமுறையிலேயே இருக்கிறது. தொடர் ஒளிபரப்பாகும் முன் தொடக்க எபிசோடுகள் சிலவற்றைத்தான் விமர்சகர்களுக்கு அனுப்புவார்கள். ‘டிரஸ்ட்’ தொடரில் அந்தத் தொடக்கப் பகுதிதான் ஒன்றுக்கொன்று ஒட்டாதது. முதலாவது தாத்தாவின் மாளிகை. இரண்டாவதில் பிரெண்டன் ஃபிரேசர், கௌபாய் தொப்பியோடு துப்பறிய வந்த ஃபிளெட்சர் சேஸாக, கேமராவைப் பார்த்து நம்மிடமே பேசுகிறார். மூன்றாவது ரோமில் பையனின் வாழ்க்கை. தொனி நிலையாக இல்லை என்ற குறை இதனால் எழுந்தது; அதுவரை பார்த்தவர்களைப் பொறுத்தவரை சரியான குறைதான். கதை தெற்கு இத்தாலியின் கலாப்ரியா மலைகளுக்குப் போனபின், வசனத்தில் பெரும்பகுதி இத்தாலிய மொழிக்கு மாறியபின், தொடர் இறுகிவிடுகிறது. கடத்தல்காரன் பிரிமோவாக வரும் லூகா மரினெல்லியின் நடிப்பு, என் பார்வையில், சதர்லேண்டுக்கு ஒரு படி மேல். தொடக்கத்தை மட்டும் பார்த்து எழுதிய விமர்சனத்தில் அதற்கு உரிய இடம் எப்படிக் கிடைக்கும்?

நடிப்பையும் வேகத்தையும் விடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. பணத்துக்காகப் பையனே தன் கடத்தலுக்குத் திட்டமிட்டான், அது கைமீறிப் போனது என்று தொடர் காட்டுகிறது. அவன் விளையாட்டாக அப்படிப் பேசியதுண்டு என்ற பேச்சு 1973-லேயே இருந்தது, குடும்பத்துக்குள் சந்தேகமும் இருந்தது. சந்தேகம் வேறு, நடந்ததாகக் காட்சி எடுப்பது வேறு. ஒளிபரப்புக்கு முன்பே பையனின் சகோதரி அரியாட்னி கெட்டி வழக்கறிஞர் மூலம் எஃப்எக்ஸுக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினார். கடத்தப்பட்டவரோ 1981-இல் பக்கவாதத்தால் பேச்சையும் நடமாட்டத்தையும் பெரும்பாலும் பார்வையையும் இழந்து, 2011-இல் இறந்துவிட்டார். பதில் சொல்ல அவர் இல்லை.

இந்தத் தொடரை மதிப்பிடுகிறவர் செய்யவேண்டிய முதல் வேலை இதுதான்: ஆவணத்தில் உள்ளது எது, ஊகம் எது, எழுத்தாளர் கட்டியது எது என்று பிரித்துக் காட்டுவது. காது, அஞ்சல் வேலைநிறுத்தம், 4 சதவீத வட்டி ஆகியவை பதிவில் உள்ளவை. பையனின் உடந்தை ஊகம். கடத்தல்காரர்கள் தங்களுக்குள் தனியே பேசும் வசனங்கள் கற்பனை. கைதான ஒன்பது பேரில் தண்டனை பெற்றவர்கள் இருவர்தான் என்னும்போது, அந்தத் தரப்பைப் பற்றி எழுத்தாளருக்குக் கற்பனையைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை. அந்த இடங்களில் பியூஃபாய்க்கு முழு உரிமை தருகிறேன். உடந்தை விஷயத்தில் தரமாட்டேன்.