டேப் பிசுக்கு போகணும், பெயிண்ட் போகக் கூடாது

[காட்சி: காட்பாடியில் ஒரு வீட்டுத் திண்ணை. கறுப்பு சைக்கிள் ஒன்று ஸ்டாண்டு போட்டு நிற்கிறது.]

வணக்கம். இது எங்கள் அப்பாவின் சைக்கிள். அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸில் தயாரான ஹெர்குலஸ். கறுப்பு எனாமல், மட்கார்டிலும் செயின் கவரிலும் மெல்லிய தங்க நிறக் கோடு. பாலாற்றுப் பாலம் ஏறி இறங்கி காட்பாடிக்கும் வேலூருக்கும் தினமும் ஓடிய வண்டி. பம்பு மாட்டுகிற கிளிப் உடைந்ததும் அப்பா பம்பைச் சீட்டுக்குக் கீழே இருக்கும் குழாயோடு சேர்த்து இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிட்டார். பிறகு பம்பை எடுத்தாகிவிட்டது, டேப்பும் உரிந்துவிட்டது. மிச்சம் இருப்பது பிசுக்கு. இன்றைக்கு இதை எடுக்கப் போகிறோம்.

[காட்சி: குழாய், மிக நெருக்கத்தில்.]

கிட்டே பாருங்கள். கீழ்ப்பக்கம் தார் மாதிரி பளபளப்பு. விரல் வைத்து எடுத்தால் நூல் நூலாக இழுக்கிறது. தூசி, பஞ்சு, ஒரு செத்த எறும்பு எல்லாம் அதில் ஒட்டியிருக்கின்றன. வெயில் பட்ட மேல்பக்கமோ ஆறிப்போன வெல்லப்பாகு போலப் பழுப்பாக, கெட்டியாக இருக்கிறது. நகம் வைத்தால் பொடியாக உதிர்கிறது.

ஒரே டேப்தான். பிறகு ஏன் இரண்டு விதம்? இன்சுலேஷன் டேப் என்பது பிவிசி. அது வளைந்து கொடுப்பதற்காக அதற்குள் ஒருவகை எண்ணெய் கலந்திருப்பார்கள். வெயிலில் அந்த எண்ணெய் மெல்லக் கசிந்து ஒட்டும் பசைக்குள் இறங்கிவிடும். டேப் விறைத்துச் சுருங்கும், பசை குழைந்து வழியும். அதனால்தான் பழைய இன்சுலேஷன் டேப்பை உரித்தால் டேப் தனியாக வரும், பசை வண்டியிலேயே தங்கிவிடும். வேலூர் கத்திரி வெயில் உங்களுக்குத் தெரியும். மே மாதத்தில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த வெயிலில் கறுப்பு பெயிண்ட் அடித்த இரும்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, டேப் என்ன பாடு பட்டிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேல்பக்கம் கெட்டியானதற்குக் காரணம் வேறு. பசையில் இருக்கும் ரப்பர் வருஷக்கணக்கில் வெயிலும் காற்றும் பட்டு நைந்து, காய்ந்துவிட்டது.

சரி, ஆரம்பிக்கும் முன் ஒன்று. தின்னர் வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம்.

[காட்சி: பின் மட்கார்டு. தங்கக் கோடு ஓர் இடத்தில் அறுந்திருக்கிறது.]

இங்கே பாருங்கள், கோடு நாலு விரல் அளவுக்கு இல்லை. போன வருஷம் இந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பசை இருந்தது. நான்தான் துணியில் தின்னர் தொட்டு ஒரு தேய் தேய்த்தேன். பசை உடனே வந்துவிட்டது. துணியைத் திருப்பினால் பொன் நிறம். அந்தக் கோட்டை இனி யாரும் அதே போல் போட்டுத் தர முடியாது. இந்த வீடியோவை எடுக்கவே அதுதான் காரணம்.

கம்பெனியில் சூடேற்றிப் பதப்படுத்திய எனாமல் ஓரளவு தாங்கும். அதன் மேல் ஒட்டிய எழுத்தும் கோடும் தாங்காது. வண்டியை எப்போதாவது கடையில் கொடுத்து ஸ்ப்ரே பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் மோசம். அந்தப் பெயிண்ட் பெரும்பாலும் தின்னரில் கரைத்து அடித்தது. மறுபடி தின்னர் பட்டால் மறுபடி கரையும்.

அதனால் எந்தத் திரவமாக இருந்தாலும் முதலில் பெடல் அச்சு போகும் இடத்துக்கு அடியில், யார் கண்ணிலும் படாத ஓரத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு, ஐந்து நிமிஷம், பிறகு துடையுங்கள். துணியில் அழுக்கு வரலாம், வண்டியின் நிறம் வரக் கூடாது. பெயிண்ட் பளபளப்பு மங்கினாலும், தொட்டால் ஒட்டினாலும் அந்தத் திரவத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.

[காட்சி: தட்டில் தேங்காய் எண்ணெய், பழைய பனியன் துணி, காலாவதியான ஏடிஎம் கார்டு.]

இப்போது வேலை. டேப் துண்டு இன்னும் ஒட்டியிருந்தால் வண்டியைக் காலை வெயிலில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். நம் ஊரில் ஹேர் டிரையர் தேடி அலைய வேண்டாம். பசை இளகியதும் டேப்பின் முனையைப் பிடித்து, மேலே தூக்காமல், குழாயோடு படிந்தாற்போல் பின்பக்கமாக மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் வெயிலில் பொரிந்த பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். டேப் போனதும் வண்டியை நிழலுக்குக் கொண்டுவந்து குழாயை ஆறவிடுங்கள்.

அடுத்தது எண்ணெய். தேங்காய் எண்ணெய் போதும், நல்லெண்ணெயும் சரிதான். ரப்பர் பசை தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்கு இளகும். எண்ணெய் உள்ளே ஊறி ஊறிப் பசையை உப்ப வைத்து, பெயிண்டோடு இருக்கும் பிடியைத் தளர்த்திவிடும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். தடவியதும் துடைக்கப் போனால் பிசுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். பனியன் துணியை எண்ணெயில் நனைத்து, காயத்துக்குக் கட்டுப்போடுவது போலக் குழாயைச் சுற்றிக் கட்டுங்கள். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கவர். ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். மார்கழிக் காலையில் செய்கிறீர்கள் என்றால் எண்ணெயை லேசாகச் சூடு காட்டி இளக்கிக்கொள்ளுங்கள்.

இங்கே கவனம். எண்ணெய் வழிந்து ரிம்மிலோ பிரேக் கட்டையிலோ படக் கூடாது. டிஸ்க் பிரேக் வண்டி என்றால் அந்தத் தட்டை முதலிலேயே கவர் போட்டு மூடிவிடுங்கள். பிரேக்கில் எண்ணெய் ஏறிய வண்டியோடு பாலத்து இறக்கத்தில் போவது உயிரோடு விளையாடுவது.

[காட்சி: துணியை அவிழ்க்கிறோம்.]

பாருங்கள், பசை வெளுத்து உப்பியிருக்கிறது. கட்டைவிரலால் ஒரே பக்கமாகத் தள்ளினால் ரப்பர் அழித்த துகள் போல உருண்டு உருண்டு வருகிறது. இந்த வேலைக்கு விரலை மிஞ்சிய கருவி இல்லை, பெயிண்ட் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியும். விரலுக்கு வராததை ஏடிஎம் கார்டைச் சாய்த்துப் பிடித்து வழியுங்கள். பிளேடு, கத்தி, இரும்பு நார் எதுவும் அருகில் வர வேண்டாம்.

கெட்டியான மேல்பக்கம் ஒரு முறையில் வராது. இரண்டாம் முறை எண்ணெய் கட்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சளிக்கு வைத்திருக்கும் நீலகிரித் தைலம் இருக்கிறதே, அதைப் பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் ஒற்றுங்கள். காய்ந்த பசைக்கு நல்ல மருந்து. ஆனால் வீரியம் அதிகம், நீண்ட நேரம் விட்டால் பெயிண்டையும் இளக்கலாம். இரண்டு நிமிஷத்தில் துடைத்துவிடுங்கள், எழுத்துக்கும் கோட்டுக்கும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். மண்ணெண்ணெய் கிடைத்தால் அதுவும் வேலை செய்யும். பெட்ரோல் கூடவே கூடாது, அதன் ஆவி அடுப்பங்கரை வரைக்கும் போகும்.

புது சைக்கிளைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் கவரைக் கிழிக்க மனசு வராமல் இரண்டு வருஷம் ஓட்டுகிற வீடுகள் உண்டு. ஆயுத பூஜைக்கு மாவிலையும் கலர் பேப்பரும் ஒட்டிவிட்டு அப்படியே விடுவதும் உண்டு. அது பிரவுன் டேப் அல்லது செல்லோ டேப்பாக இருக்கும். அவற்றின் பசை பெரும்பாலும் அக்ரிலிக், எண்ணெய்க்கு அவ்வளவு சீக்கிரம் வராது. கையில் தடவும் சானிடைசர், அதாவது ஆல்கஹால், அதற்குப் பொருந்தும். அதையும் முதலில் அடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான்.

கடைசியாகக் கழுவுதல். பாத்திரம் கழுவும் திரவ சோப்பு நாலு சொட்டு, ஒரு குவளை தண்ணீர், மெல்லிய துணி. சீயக்காய் எண்ணெய்யை எடுக்கும்தான், ஆனால் அந்தத் தூள் எனாமலில் கீறல் போடும். கழுவி, ஈரம் போகத் துடையுங்கள்.

[காட்சி: துடைத்த குழாய், வெளிச்சத்தில்.]

இப்போது ஒரு பட்டை தெரிகிறது. டேப் இருந்த இடம் ஆழ்ந்த கறுப்பு, மற்ற இடம் கொஞ்சம் சாம்பல் ஓடிய கறுப்பு. இதைப் பிசுக்கு என்று நினைத்து மேலும் தேய்க்காதீர்கள். டேப்புக்குக் கீழே இருந்த பெயிண்ட் வெயில் படாமல் அப்படியே இருக்கிறது. வண்டி வாங்கிய அன்று எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அந்த ஓரங்குலம்தான் சாட்சி. வேண்டுமானால் சுற்றியுள்ள இடத்துக்குக் கார் பாலிஷ் போட்டு வித்தியாசத்தைக் குறைக்கலாம். நான் அப்படியே விட்டுவிட்டேன்.

ஓரத்தில் செம்பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பசை இல்லை, துரு. டேப்புக்குள் மழைத் தண்ணீர் நின்றிருக்கிறது. அதை மட்டும் நுண்ணிய உப்புத்தாளால் தொட்டு, ப்ரைமரும் டச்சப் பெயிண்டும் வைத்துவிடுங்கள்.

[காட்சி: பம்பு மறுபடி குழாயில்.]

பம்பை மறுபடி மாட்டியாகிவிட்டது, டேப் இல்லாமல். ஆம்பூரில் வாங்கிய தோல் வார் இரண்டு, பக்கிள் வைத்தவை. மழையில் நனைந்தால் கழற்றிக் காயவைத்து மாட்ட வேண்டும்.