தோணிக்காரன் ஒரு கிளாஸ் ஆகுமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுக்கிறேன். அது நின்று பேச வேண்டிய கேள்வி.

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஐந்து பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடுகிறார்களாம். மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம் அது. கதை நடப்பது எங்கள் மட்டக்களப்பு வாவியைப் போல ஒரு பெரிய வாவிக்கரையில். அதற்காக 'தோணிக்காரன்' என்று ஒரு புதுக் கிளாஸ், அதாவது பாத்திரத்துக்குரிய தொழில் வகை, எழுதியிருக்கிறார். தோணி வலிப்பது, வலை வீசுவது, இருட்டில் ஆழம் பார்த்துப் போவது எல்லாம் அவனுக்கு மட்டும். நண்பர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. "என்னுடைய போர்வீரனும் அந்தக் கரையில்தானே பிறந்தான், அவனுக்குத் தோணி வலிக்கத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு வாரமாக ஆட்டமே நடக்கவில்லையாம். யார் சொல்வது சரி, தோணிக்காரனுக்கு ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் அளவு) எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி.

தோணி வலிக்கிற விஷயத்தில் நண்பர் சொல்வது சரி. ஆனால் அதற்காகக் கிளாஸைத் தூக்கி எறிய வேண்டாம்.

இந்தச் சண்டை புதிதில்லை. 1974 இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது மூன்றே கிளாஸ்கள்தான்: போர்வீரன், மந்திரவாதி, பூசகர். அடுத்த வருடம், 1975 இல், கிரேஹாக் என்ற துணைநூலில் திருடன் வந்தான். பூட்டுத் திறப்பது, சத்தமில்லாமல் நடப்பது, நிழலில் ஒளிவது எல்லாம் அவனுக்கென்று சதவீதம் போட்டு எழுதினார்கள். அதுவரைக்கும் ஒரு போர்வீரன் "நான் தூணுக்குப் பின்னால் ஒளிகிறேன்" என்றால் ஆட்டத்தை நடத்துகிறவர் யோசித்து, சரி என்றோ முடியாது என்றோ சொல்வார். திருடன் வந்த பிறகு பல மேசைகளில் பதில் மாறியது: "அது திருடனுடைய வேலை, உன்னால் முடியாது." ஒருவனுக்கு எழுதிக் கொடுத்தது மற்றவர்கள் எல்லோரிடமும் இருந்து பறிபோனது. திருடனுக்காவது நன்மை கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. 1978 விதிநூலில் முதல் லெவல் (பாத்திரம் முன்னேறும் படி) திருடன் நிழலில் ஒளிவதற்கு வெறும் 10 சதவீதம்தான். எல்லோருக்கும் உள்ள சாதாரண வாய்ப்புக்கு மேலே கிடைக்கும் கூடுதல் வாய்ப்பு அது என்று வாசிப்பவர்களும் உண்டு. நானும் அப்படித்தான் நடத்துகிறேன்.

தம்பி, உங்கள் தோணிக்காரனும் இதே இடத்தில்தான் நிற்கிறான். குருமண்வெளியில் இருந்து மண்டூருக்குப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், போகிறவர்களைப் பாருங்கள். அதில் ஏறுகிற பொடியன்களில் தோணி வலிக்கத் தெரியாதவன் எத்தனை பேர் இருப்பான்? வாவிக்கரைக் கதையில் தோணி வலிப்பது நடக்கத் தெரிவது மாதிரி. அதை ஒரு கிளாஸுக்குள் போட்டுப் பூட்டினால் மற்ற நான்கு பேரும் கரையில் நிற்க வேண்டியதுதான். இந்த ஆட்டத்தின் 2014 பதிப்பில் கிளாஸுக்கு வெளியே 'பின்னணி' என்று ஒன்று, அதாவது பாத்திரத்தின் முந்தைய வாழ்க்கை, இருக்கிறது. அதில் மாலுமி என்ற பின்னணியும் உண்டு, எந்தக் கிளாஸும் அதை எடுக்கலாம். வலிப்பது, வலை, ஆழம் எல்லாவற்றையும் அங்கே வையுங்கள்.

அப்போ தோணிக்காரனிடம் என்ன மிஞ்சும்? இங்கேதான் எனக்கு உங்கள் யோசனை மிகவும் பிடித்திருக்கிறது.

பூசகர் கிளாஸ் எப்படி வந்தது தெரியுமா? ஆர்னெசனின் மேசையில் ஒரு பாத்திரம் இரத்தம் குடிக்கும் வாம்பயராக மாறி, யாராலும் அடக்க முடியாமல் போனது. அதை எதிர்த்து நிற்க ஒருவன் தேவைப்பட்டான், அப்படித்தான் பூசகர் பிறந்தார். உங்கள் மேசையிலும் வேறு யாராலும் செய்ய முடியாத ஒன்று வேண்டும். அது உங்களுடைய ஊரிலேயே இருக்கிறது. நிலவு இரவில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறு முனையில் காதை வைத்து, பாடும் மீன் கேட்பார்கள் இல்லையா, அதை எடுங்கள். சத்தம் யாருக்கும் கேட்கும். அதன் பொருள் தோணிக்காரனுக்கு மட்டும் விளங்கும்.

நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன். ஒரு நெடும் ஓய்வுக்கு (பாத்திரங்கள் இரவு தூங்கி எழுவது போன்ற நீண்ட ஓய்வு) ஒரு தடவை, துடுப்பில் காது வைத்து வாவியிடம் ஒரு கேள்வி கேட்கலாம். கடைசிச் சூரிய மறைவுக்குப் பிறகு அந்த நீரைக் கடந்த எதைப் பற்றியும் கேட்கலாம். ஆட்டத்தை நடத்துகிறவர் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் தண்ணீருக்குப் பெயர்கள் தெரியாது. எத்தனை பேர், எவ்வளவு பாரம், எந்தப் பக்கம் போனார்கள் என்பதை மட்டும் சொல்லும். "மூன்று தோணி வந்தது, போகும்போது ஒன்று பாரமாகப் போனது" என்ற பதிலைக் கேட்டவுடன் மேசையே பரபரக்கும், ஐந்து பேரும் ஊகிக்கத் தொடங்குவார்கள்.

அப்புறம் ஒரு சிக்கல், தரையில் இவன் என்ன செய்வான்? எழுதி முடித்ததும் மூன்று காட்சிகளில் வைத்துப் பாருங்கள்: இரவு வாவி, யானை இறங்கிய வயல் வட்டை, அரசனின் மண்டபம். மூன்றில் இரண்டில் சும்மா நின்றால் அதை விளையாடுகிறவர் சலித்துப் போவார். அதனால் ஐந்தாம் லெவலில் குளமும் கிணறும் அவனோடு பேசட்டும், ஒன்பதாம் லெவலில் குடத்துத் தண்ணீர்கூடப் பேசட்டும். குடம் தன்னைத் தொட்ட கைகளைச் சொல்லும். மண்டபத்தில் யார் தண்ணீரில் கைவைத்தார்கள் என்று அறிய இவனைத்தான் தேடுவார்கள்.

கூத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். களரியில் எல்லோரும் ஆடுவார்கள், எல்லோரும் பாடுவார்கள். அரசன் மட்டும்தான் பாடலாம் என்று கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் சொல்வதில்லை. ஆனாலும் பாத்திரம் களரிக்குள் வரும்போது பாடும் வரவுப் பாட்டும் தாளக்கட்டும் தொடங்கியவுடன் வருவது அரசனா கட்டியகாரனா என்று சபைக்குத் தெரிந்துவிடும். கிளாஸ் அந்த வரவைப் போல இருக்க வேண்டும்.

உங்கள் நண்பர் கிளாஸே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தால், 1978 இல் வந்த ரூன்குவெஸ்ட் திறன்களை வைத்தே நடக்கும் ஆட்டம், அதைக் காட்டுங்கள். நல்ல ஆட்டம்தான், ஆனால் உங்கள் ஐந்து பேருக்கும் இப்போது அது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ஹிட் பாயிண்டுக்கு எட்டுப் பக்கப் பகடை கொடுங்கள். போர்வீரனுக்குப் பத்து, மந்திரவாதிக்கு ஆறு, இவன் இரண்டுக்கும் நடுவில். தோல் கவசம் போதும், இரும்புக் கவசம் வேண்டாம். தோணி கவிழ்ந்தால் நீந்த வேண்டுமே.